ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மூளையில் "ஏதோ இருக்கிறது" என்றால்

"வலது லேட்டரல் வென்ட்ரிக்கிள் 10.8 மி.மீ. மைல்ட் வென்ட்ரிக்குலோமெகலி. ஃபீட்டல் மெடிசின் ஆலோசனை தேவை." ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி இரண்டு வரி இருந்தால் போதும். வீடு போய்ச் சேர்வதற்குள் அது "குழந்தைக்கு மூளையில தண்ணி கோத்திருக்காம்" என்று ஆகிவிடும். ராத்திரி போனில் தேடினால் தலை பெருத்த குழந்தைகளின் படங்கள்தான் முதலில் வந்து நிற்கும். அந்த ரிப்போர்ட்டை எழுதிய டாக்டர் சொல்ல வந்தது பெரும்பாலும் அது இல்லை. மூளைக்குள் இருக்கும் நீரறை (வென்ட்ரிக்கிள்) ஒன்று வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது (இதுதான் வென்ட்ரிக்குலோமெகலி), இது தனியாக இருக்கிறதா, வேறு எதனுடனாவது சேர்ந்து வந்திருக்கிறதா என்று கருவிலுள்ள குழந்தைகளுக்கான (ஃபீட்டல் மெடிசின்) நிபுணரிடம் பார்த்துவிடுங்கள் என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும்: தனியாகவா, துணையோடா? வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளையில் காணப்படும் வித்தியாசங்களில் பெரும்பாலானவற்றுக்கு, பின்னாளில் குழந்தை எப்படி வளரும் என்பதை அந்த மில்லிமீட்டர் எண்ணைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

ஸ்கேனில் எதைப் பார்க்கிறார்கள்

18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் அனாமலி ஸ்கேனில் குழந்தையின் தலையைக் குறுக்குவாட்டில் மூன்று மட்டங்களில் பார்ப்பார்கள். ஒன்றில் மூளைக்குள் இருக்கும் நீரறைகள் தெரியும். இன்னொன்றில் தலாமஸ் என்ற நடுப்பகுதி தெரியும், தலையின் அகலத்தை அங்கேதான் அளக்கிறார்கள். மூன்றாவதில் சிறுமூளையும் அதன் பின்னால் உள்ள நீர் இடமும் தெரியும். சிறுமூளையின் குறுக்களவு இந்தக் கட்டத்தில் ஏறத்தாழ வாரக் கணக்கோடு ஒத்துப்போகும். 20 வாரம் என்றால் 20 மி.மீ. அளவில் இருக்கும். ஸ்கேன் செய்பவர்களுக்கு இது ஒரு வசதியான மனக்கணக்கு.

இவை எல்லாமே அமைப்பைப் பற்றியவை. இருக்க வேண்டியது இருக்கிறதா, அளவு சரியா, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பது தெரியும். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது ஸ்கேனில் தெரியாது. அதோடு, 20 வாரத்தில் மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பாகத்தான் இருக்கும். நாம் படங்களில் பார்த்துப் பழகிய மடிப்புகளில் பெரும்பாலானவை அதற்கு அப்புறம், கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. அதனால் மடிப்புகள் சரியாக உருவாகாத கோளாறுகளை ஐந்தாம் மாத ஸ்கேனில் பிடிப்பது மிகவும் கடினம். "அஞ்சாம் மாசம் எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே, எட்டாம் மாசம் எப்படி வந்துச்சு?" என்று சிலர் கேட்பார்கள். முந்தைய டாக்டர் தவறவிட்டார் என்றே இதற்கு அர்த்தம் இல்லை. அப்போது பார்ப்பதற்கு அது அங்கே இல்லாமல் இருந்திருக்கலாம்.

10 மில்லிமீட்டர் என்ற கோடு

மூளைக்கு உள்ளே நான்கு நீரறைகள் உண்டு. வலதும் இடதுமாக இரண்டு பெரியவை, நடுவில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. இந்த அறைகளுக்குள் இருக்கும் கோராய்ட் பிளெக்சஸ் என்ற பஞ்சு போன்ற திசு மூளைத் தண்டுவட நீரைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த நீர் மேலறைகளிலிருந்து நடு அறைக்கும், அங்கிருந்து ஒரு மெல்லிய கால்வாய் வழியாகக் கீழறைக்கும் போய், வெளியே வந்து மூளையைச் சுற்றி ஓடும். எனவே "மூளையில் தண்ணீர்" என்பது நம் எல்லோருக்கும் இருப்பதுதான். பேச்சு அறையின் அகலத்தைப் பற்றியது.

பக்கவாட்டு அறையின் பின்பகுதியில், ஏட்ரியம் என்ற இடத்தில்தான் அளக்கிறார்கள். 1988-ல் அமெரிக்காவில் கார்டோசா குழுவினர் 100 கருக்களை அளந்து, சராசரி 7.6 மி.மீ. என்றும், 10 மி.மீ.க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த 10 என்ற கோடுதான் இன்றுவரை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. இதில் ஒரு அழகு உண்டு. 14-வது வாரத்திலிருந்து பிரசவம் வரை குழந்தையின் தலை பல மடங்கு வளர்கிறது. இந்த அறையின் அகலம் மட்டும் ஏறத்தாழ மாறுவதே இல்லை. அதனால் எந்த மாதத்தில் அளந்தாலும் ஒரே கோடு செல்லுபடியாகிறது.

10 முதல் 12 மி.மீ. வரை மைல்ட், 13 முதல் 15 வரை மாடரேட், 15-க்கு மேல் சிவியர் என்று பொதுவாகப் பிரிப்பார்கள். சில மையங்களில் 10 முதல் 15 வரை முழுவதையும் மைல்ட் என்றே எழுதுவார்கள். ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

அந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. முருங்கைக்காயை நேராக நறுக்கினால் வட்டமாக வரும், சாய்த்து நறுக்கினால் நீண்டு வரும் இல்லையா? ஸ்கேன் தளம் கொஞ்சம் சாய்ந்தாலும் இதே கதைதான், அறை அகலமாகத் தெரியும். கர்சரை அறைச் சுவரின் உட்புறத்தில் வைக்க வேண்டும், அதுவும் அறையின் நீளவாக்குக்குச் செங்குத்தாக. ஒரு பக்கம் தள்ளி வைத்தால் அரை மில்லிமீட்டர் கூடிவிடும். அதற்கு மேல், கருவியின் முனைக்கு அருகில் உள்ள பக்கம் மண்டையோட்டின் எதிரொலியால் மங்கலாகத் தெரியும், தூரத்துப் பக்கத்தைத்தான் தெளிவாக அளக்க முடியும். 9.8 என்பதற்கும் 10.2 என்பதற்கும் இடையே குழந்தையிடம் ஒரு வித்தியாசமும் இல்லாமல் இருக்கலாம். ரிப்போர்ட்டில் மட்டும் ஒன்று "நார்மல்", மற்றொன்று "வென்ட்ரிக்குலோமெகலி" என்று ஆகிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். ஆண் கருக்களுக்கு இந்த அறை சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் கூடுதலாகவே இருக்கிறது. எல்லையோர எண்கள் ஆண் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் "ஆண் குழந்தை, 10.3 தானே, விடுங்கள்" என்று சொல்லிவிட முடியும். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது இந்தியாவில் குற்றம் என்பதால், இங்கே அந்த ஆறுதலுக்கு வழியில்லை. சட்டம் வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அறை ஏன் பெரிதாகிறது

மூன்று வழிகளில் இது நடக்கலாம். நீர் போகும் வழியில் அடைப்பு இருக்கலாம், குறிப்பாக நடு அறைக்கும் கீழறைக்கும் இடையிலான அந்த மெல்லிய கால்வாயில். அல்லது சுற்றியுள்ள மூளைத் திசு குறைவாக உருவாகியோ, தொற்று, ரத்தக்கசிவு போன்றவற்றால் பாதிக்கப்பட்டோ, அந்த இடத்தை நீர் நிரப்பியிருக்கலாம். மூன்றாவது, எதுவுமே இல்லை. சிலருக்குக் காது பெரிதாக இருப்பதுபோல் இந்தக் குழந்தைக்கு அறை கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மைல்ட் வகையில் இந்த மூன்றாவது வழிதான் அதிகம்.

அது மூன்றாவது வகைதான் என்று எப்படித் தெரியும்? மற்ற இரண்டும் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளித்தான். "தனியாகவா, துணையோடா" என்ற கேள்வி இங்கேதான் வேலை செய்கிறது.

முதலில் நியூரோசோனோகிராஃபி. இதுவும் அல்ட்ராசவுண்டுதான். ஆனால் மூளைக்கென்றே நேரம் ஒதுக்கி, குழந்தை தலைகீழாக இருந்தால் அம்மாவின் பிறப்புறுப்பு வழியாகவும் கருவியை வைத்து, நெடுக்குவாட்டிலும் பக்கவாட்டிலும் பார்ப்பார்கள். வழக்கமான ஸ்கேனில் கண்ணில் படாத பல விஷயங்கள் இதில் தெரியும். கூடவே இதயம், முதுகெலும்பு, கை கால், முகம் என்று மறுபடி தலையிலிருந்து கால் வரை ஒரு சுற்று வருவார்கள்.

அடுத்தது தொற்று. சைட்டோமெகலோ வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி ஆகிய இரண்டும் முக்கியமானவை. ஜிகா வைரஸ் கருவின் மூளையை எப்படிச் சிதைக்கும் என்பதை 2015, 2016 ஆண்டுகளில் பிரேசிலில் உலகமே பார்த்தது. நம் ஊரில் "டார்ச் டெஸ்ட்" என்று ஒட்டுமொத்தமாக எழுதிக் கொடுப்பார்கள். அதில் ஐஜிஎம் (புதிய தொற்றைக் காட்டுவதாகக் கருதப்படும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ் என்று வந்தவுடன் அலற வேண்டியதில்லை. பழைய தொற்றிலும், சில நேரம் தொற்றே இல்லாதபோதும் அது அப்படி வரும். குழந்தைக்குத் தொற்று போயிருக்கிறதா என்பதைப் பனிக்குட நீரில் கிருமியைத் தேடித்தான் உறுதி செய்வார்கள்.

ஊசி வழியாகப் பனிக்குட நீரை எடுக்கிறார்கள் என்றால் குரோமோசோம்களையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். மைக்ரோஅரே என்ற பரிசோதனை குரோமோசோமில் மிகச் சிறிய துண்டு விடுபட்டிருந்தாலோ கூடியிருந்தாலோ காட்டிக்கொடுக்கும். 2014-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, வேறு எந்தக் குறையும் இல்லாத, 10 முதல் 15 மி.மீ. வரையிலான கருக்கள் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் 100-க்கு ஏறத்தாழ 5 பேரிடம் குரோமோசோம் கோளாறு இருந்தது. ஊசி போடுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த எண் தெரிந்திருப்பது நல்லது.

எம்ஆர்ஐ எவ்வளவு உதவும்

கர்ப்பிணிக்கு எம்ஆர்ஐயா என்று பதறுவார்கள். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தப்புலமும் ரேடியோ அலையும்தான். கான்ட்ராஸ்ட் மருந்தும் போடுவதில்லை. குழந்தை உள்ளே அசைந்துகொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு படத்தையும் ஒரு நொடிக்குள் எடுத்து முடிக்கும் வேக முறையைப் பயன்படுத்துவார்கள். மற்றபடி சத்தம் அதிகம், அம்மா அரைமணி நேரம் ஆடாமல் படுத்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் ஷெஃபீல்டைச் சேர்ந்த பால் கிரிஃபித்ஸ் தலைமையில் மெரிடியன் என்ற ஆய்வு நடந்தது, முடிவுகள் 2017-ல் வந்தன. ஸ்கேனில் மூளைக் குறை இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட 570 கருக்களுக்கு எம்ஆர்ஐயும் எடுத்து, பின்னர் உறுதியான முடிவோடு ஒப்பிட்டார்கள். அல்ட்ராசவுண்ட் 68% கருக்களில் சரியாகச் சொல்லியிருந்தது. எம்ஆர்ஐ சேர்ந்ததும் அது 93% ஆனது. "அப்படியானால் எல்லோருக்கும் எம்ஆர்ஐ எடுத்துவிடலாமே" என்று தோன்றும். ஆனால் 2020-ல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது. நல்ல பயிற்சி பெற்றவர் நியூரோசோனோகிராஃபி செய்து "வேறு எதுவும் இல்லை, இது மட்டும்தான்" என்று சொன்ன மைல்ட், மாடரேட் கருக்களில் எம்ஆர்ஐ புதிதாக ஏதாவது கண்டது 100-க்கு ஏறத்தாழ 5 பேரிடம்தான். என் கணக்கில், இயந்திரத்தைவிட அதற்கு முன்னால் ஸ்கேன் கருவியைப் பிடித்த கை முக்கியம். ஊரில் நல்ல ஃபீட்டல் மெடிசின் நிபுணர் இல்லையென்றால் எம்ஆர்ஐக்கு மதிப்பு கூடுகிறது, இருந்தால் குறைகிறது.

எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு இழுபறி உண்டு. மடிப்புகள் நன்றாகத் தெரிவது 28 முதல் 32 வாரத்தில். இந்தியாவில் 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, கருக்கலைப்புக்கு வரையறுக்கப்பட்ட சில பிரிவினருக்கு உச்ச வரம்பு 24 வாரம். அதற்கு மேல் கருவில் கணிசமான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் முடிவு செய்தால்தான் அனுமதி. இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி என்பதால் அங்கே இந்தக் கணக்கே எழுவதில்லை. 20 வாரத்தில் ஸ்கேன், அடுத்து ஊசி, ரிசல்ட் வர ஓரிரு வாரம், இடையில் எம்ஆர்ஐ, பிறகு பேச்சு. எல்லாவற்றையும் நான்கு வாரத்துக்குள் அடைக்க வேண்டியிருக்கிறது. "அடுத்த மாசம் வந்து பாருங்க" என்று சாவகாசமாகச் சொல்லி அனுப்புவது இந்த நிலையில் சரியில்லை. ஒரு வாரத்துக்குள் யாரைப் பார்க்கலாம் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சரி, குழந்தை எப்படி வளரும்?

எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான். மேலே சொன்ன 2014 தொகுப்பாய்வின்படி, தனியாக வந்த 10 முதல் 15 மி.மீ. வகையில் 100-க்கு ஏறத்தாழ 8 குழந்தைகளுக்கு வளர்ச்சித் தாமதம் இருந்தது. ஸ்கேனில் எதுவுமே இல்லாத குழந்தைகளிலும் சிலருக்குத் தாமதம் வரத்தான் செய்கிறது என்பதால், இது பொதுவான அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 10 முதல் 12-க்குள், தனியாக, பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தால் 90%க்கு மேல் சாதாரணமாக வளர்கிறார்கள் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. பெரும்பாலானவற்றில் அடுத்த ஸ்கேனில் அளவு குறையும், அல்லது அப்படியே நிற்கும். சிலவற்றில்தான் கூடும், அதற்காகத்தான் சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள்.

15-க்கு மேல் போனால் பேச்சு மாறுகிறது. தனியாக வந்த சிவியர் வகையில், உயிர் பிழைத்த குழந்தைகளில் எந்தக் குறைபாடும் இல்லாமல் வளர்ந்தவர்கள் ஏறத்தாழ 10-க்கு 4 பேர். அதே அளவு எண்ணிக்கையில் கடுமையான குறைபாடு. பிறந்த பிறகு நீரை வடிக்க ஷன்ட் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இங்கே ஆறுதல் வார்த்தைக்கு அதிக இடமில்லை. ஆனாலும் அந்த 4 பேரும் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துத்தான் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். வயிற்றில் இருக்கும்போது "தனி" என்று சொல்லப்பட்டவர்களில் 100-க்கு ஏறத்தாழ 7 பேரிடம், பிறந்த பின் பார்த்தபோது வேறு குறையும் இருந்தது. "தனி" என்ற தீர்ப்பு, அதுவரை தேடியதில் வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான்.

கார்பஸ் கலோசம்: கடினமான ஒன்று

வேறு சில வித்தியாசங்களும் ரிப்போர்ட்டில் வரும். கோராய்ட் பிளெக்சஸ் சிஸ்ட் என்ற சின்ன நீர்க்கட்டி 100 கருக்களில் ஒன்றிரண்டில் தெரியும், பெரும்பாலும் 28 வாரத்துக்குள் தானாக மறைந்துவிடும். எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் கோளாறோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதால்தான் குறிப்பிடுகிறார்கள். மற்றதெல்லாம் நன்றாக இருந்தால், குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிறுமூளைக்குப் பின்னால் உள்ள நீர் இடம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் மெகா சிஸ்டர்னா மேக்னா என்பார்கள். அதுவும் தனியாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

கார்பஸ் கலோசம் அப்படி இல்லை. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் சுமார் 20 கோடி நரம்பிழைகளின் கற்றை அது. ஏறத்தாழ 20 வாரத்தில்தான் வடிவம் பெறுகிறது. சிலருக்கு அது முழுதாகவோ பாதியோ உருவாகாமல் போகிறது. ஸ்கேனில் நேரடியாகத் தெரிவதைவிட அதன் அடையாளங்கள்தான் முதலில் கண்ணில் படும். கேவம் செப்டி பெலூசிடி என்ற சின்னப் பெட்டி போன்ற இடம் காணவில்லை, பக்கவாட்டு அறை கண்ணீர்த் துளி வடிவில் பின்னால் பெருத்திருக்கிறது, நடு அறை மேலே ஏறியிருக்கிறது. எல்லையோர வென்ட்ரிக்குலோமெகலி என்று அனுப்பப்பட்ட சிலரிடம் கடைசியில் தெரிய வருவது இதுதான்.

துணையோடு வந்தால், அதாவது குரோமோசோம் கோளாறோ வேறு மூளைக் குறையோ சேர்ந்திருந்தால், பின்விளைவு அந்தத் துணையைப் பொறுத்தது. தனியாக வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை சாதாரண வளர்ச்சி என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. இது இல்லை என்பதே தெரியாமல் வளர்ந்து, வேறு காரணத்துக்காகத் தலையை ஸ்கேன் செய்தபோது அறிந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் கிம் பீக் என்பவரை இதற்கு உதாரணமாக அடிக்கடி சொல்வார்கள். கார்பஸ் கலோசம் இல்லாமல் பிறந்தவர், படித்ததெல்லாம் நினைவில் நிற்கும், ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியாது. சுவாரசியமான வாழ்க்கைதான். ஆனால் அவருக்குச் சிறுமூளையிலும் பாதிப்பு இருந்தது. உங்கள் குழந்தைக்கு என்ன ஆகும் என்று அவரை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், நல்லதற்கும் சரி, கெட்டதற்கும் சரி.

"சாதாரண வளர்ச்சி" என்று எந்த வயதில் சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் இரண்டு, மூன்று வயதில் நின்றுவிடுகின்றன. பாரிஸில் மூடார் குழுவினர் தனியாக வந்த கார்பஸ் கலோசம் குறையுள்ள குழந்தைகளைப் பத்து வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு ஐக்யூ சாதாரண வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் பள்ளிப் பாடத்தில் லேசான சிரமங்கள் அடிக்கடி தலைகாட்டின. இரண்டு வயதில் ஓடி விளையாடும் குழந்தையிடம் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. கணக்கும் வாசிப்பும் வரும்போதுதான் தெரியும். பத்து வருடம் காத்திருந்து எழுதப்படும் இப்படியான சின்ன ஆய்வுகளுக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன்.

முன்கூட்டியே சொல்வது ஏன் இவ்வளவு கடினம்

2022-ல் இஸ்ரேலின் பேர்ஷெபாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பழைய அனாமலி ஸ்கேன்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். தலை, இதயம், சிறுநீரகம் என்று எங்காவது வித்தியாசம் இருந்தது அவர்களில் ஏறத்தாழ 29% பேரிடம். பொதுவான மற்றக் குழந்தைகளிடம் இது 10%. அவர்களுடைய சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடம் 16%. "ஸ்கேனிலேயே ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கலாம்" என்று செய்தி பரவியதில் ஆச்சரியமில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு 1,000 குழந்தைகளில் 20 பேருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 20-ல் 29% என்றால் 6 பேரின் ஸ்கேனில் ஏதோ தெரிந்திருக்கும். மீதி 980 பேரில் 10% என்றால் 98 பேரின் ஸ்கேனிலும் ஏதோ தெரிந்திருக்கும். ஆக, ஸ்கேனில் வித்தியாசம் உள்ளவர்கள் மொத்தம் 104, அதில் ஆட்டிசம் 6 பேருக்கு. 98 பேருக்கு இல்லை. இன்னொரு பக்கம், ஆட்டிசம் உள்ள 14 பேரின் ஸ்கேன் சுத்தமாக இருந்திருக்கும். ஆய்வு உண்மையானது, தொடர்பு உண்மையானது. மூளை உருவாகும் காலத்திலேயே ஏதோ நடக்கிறது என்று விஞ்ஞானிகளுக்கு அது சொல்கிறது. கையில் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பதிக்கு அது ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை.

கணிப்பு தவறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கடுமையான குறை தெரிந்த கர்ப்பங்கள் பல தொடர்வதில்லை, ஆகவே பிறந்தவர்களை மட்டும் வைத்து எழுதும் ஆய்வில் படம் கொஞ்சம் நல்லதாகத் தெரியும். குறைமாதப் பிரசவம், பிறந்தபோது மூச்சுத் திணறல், காது கேட்காமை, வீட்டில் குழந்தையோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்பவை எல்லாம் ஸ்கேனுக்கு அப்புறம் வருபவை. பிறந்த பிறகும் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, முதல் இரண்டு வருடம் படுவேகமாக.

கருவின் மூளை இயல்பாக எப்படி உருவாகிறது என்பதே இன்னும் முழுதாக வரையப்படவில்லை. இதில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் தரணி என்ற பெயரில் ஒரு முப்பரிமாண அட்லஸை வெளியிட்டது. நடு மூன்று மாதக் காலத்துக் கரு மூளைகளின் 5,132 மெல்லிய சீவல்களை, செல் செல்லாகப் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய தெளிவில் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். ஸ்கேனில் சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிவதற்குள் எத்தனை அடுக்குகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன என்பதை அதில் பார்க்கலாம்.

பிறந்த பிறகு

குழந்தையின் உச்சிக்குழி திறந்திருப்பது இங்கே ஒரு வசதி. அதன் வழியாகவே அல்ட்ராசவுண்ட் வைத்து நீரறைகளை மறுபடி அளந்துவிடலாம், மயக்க மருந்து எதுவும் வேண்டாம். தேவைப்பட்டால்தான் எம்ஆர்ஐ. அப்புறம் ஒரு சாதாரண இன்ச் டேப். மாதாமாதம் தலைச் சுற்றளவை அளந்து வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைப்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. புள்ளிகள் கோட்டின் போக்கில் போனால் நல்லது. கோட்டைத் தாண்டி மேலே ஏறினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மற்றபடி எல்லாக் குழந்தைகளுக்கும் பார்ப்பதுதான். இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பது, நான்கு மாதத்துக்குள் தலை நிற்பது, எட்டு ஒன்பது மாதத்துக்குள் தானாக உட்காருவது, ஒன்றரை வயதுக்குள் நடப்பது. குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்த நாளிலிருந்து அல்ல, டாக்டர் முன்பு குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கு வைக்க வேண்டும். தாமதம் தெரிந்தால், "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காமல், அரசு மருத்துவமனைகளில் இருக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு (DEIC) கூட்டிப் போகலாம். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் நடப்பவை இவை. பரிசோதனை, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும்.

அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா என்பது பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. காரணம் தெரிந்திருந்தால் பதிலும் தெரியும். சில அடைப்பு வகைகள் எல்1கேம் என்ற மரபணு வழியாக வருபவை. அம்மா அதைச் சுமப்பவராக இருந்தால் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வர வாய்ப்புண்டு. டாக்ஸோபிளாஸ்மா போன்ற தொற்றால் வந்திருந்தால் அடுத்த முறை அதே காரணம் திரும்ப வருவது அரிது. காரணமே கிடைக்காத தனி மைல்ட் வகையாக இருந்தால், மற்ற எல்லோரையும் போல ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கிவிட்டு, அடுத்த அனாமலி ஸ்கேனை நியூரோசோனோகிராஃபி தெரிந்தவரிடம் 20 வாரத்தையொட்டிச் செய்துகொள்ளச் சொல்வார்கள். போகும்போது முதல் குழந்தையின் ரிப்போர்ட்டுகளையும் படங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் எண்கள் மாறிவிடும்.